அம்மா தங்கச்சிமடத்தில், பிள்ளைகள் மும்பையில்: சங்கப் பணத்தில் ஆம்புலன்ஸ் வாங்கலாமா?

தங்கச்சிமடத்தான் (ஆண்டாப் ஹில், மும்பை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். பிழைப்பு மும்பையில். தாராவி, சயான், செம்பூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். திருவிழாச் செலவு, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, யாராவது இறந்தால் ஊருக்குக் கொண்டுபோகும் செலவு, இதுவரை அவ்வளவுதான். இப்போது கையில் கொஞ்சம் பெரிய தொகை சேர்ந்திருக்கிறது. அதில் ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுப்போம் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. போன வருடம் என் சித்தப்பாவுக்கு ராத்திரியில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாடகைக் கார் பிடித்து முதலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே ஸ்கேன் எடுக்க ஆளில்லை. இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வேறொன்று. சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது. கடலில் பிடித்துவைத்த மாதிரி நின்று வலை இழுத்த மனுஷன், இன்று சட்டைப் பொத்தான் போட சித்தி வேண்டும். அந்த ராத்திரியை நினைக்கும்போதெல்லாம் ஊருக்கு ஒரு வண்டி வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனால் அம்மாவைப் பார்த்த பிறகு ஒரு சந்தேகம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. தினமும் போனில் "மாத்திரை போட்டீங்களா?" என்பேன், "போட்டேன்ப்பா" என்பார். இந்த முறை ஊருக்குப் போனபோது மாத்திரை வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தேன். கத்தரியால் வெட்டிய அட்டைகள், தேதி இருக்கும் பக்கத்தைக் காணோம். மூன்று வெவ்வேறு டாக்டர்களின் சீட்டுகள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில். மூட்டுவலிக்கு மெடிக்கலில் சில்லறையாக வாங்கிய மாத்திரைகள், பேப்பரில் மடித்தது. விசாரித்தால், பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும்தான் போடுகிறாராம். "நல்லாத்தானே இருக்கேன், தினமும் எதுக்கு?" என்கிறார். மும்பைக்கு வரவும் மனமில்லை. "அங்க வந்து நாலாவது மாடியில யார் முகத்தைப் பார்க்க?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது.

எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான். மகன் சென்னையில், மகள் கட்டிக்கொடுத்த ஊரில், இன்னொருவன் வளைகுடாவில். 1988இல் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலை விட்டால் வேறு வழியில்லை, பிரசவ வலியோடு ரயிலுக்குக் காத்திருந்த கதையை அம்மாவே சொல்லியிருக்கிறார். இன்று பாலம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பிறகும் எங்கள் ஆட்கள் அறுபதில் விழுந்துவிடுகிறார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் நூறு வயது வாழ்கிறார்கள் என்று ஆளாளுக்கு வீடியோ அனுப்புகிறார்கள். அங்கேயும் கடல், மீன், காற்று. எங்கள் தீவில் மட்டும் என்ன குறை? வண்டிதான் குறையா, வேறு ஏதாவதா? மருத்துவத் துறையில் இருப்பவர்கள், தீவில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அந்தமான் சிஸ்டர் (செம்பூர்):

தம்பி, நான் நர்ஸ். இப்போது மும்பையில் இருக்கிறேன். அதற்கு முன்னால் நிகோபாரில் கச்சால் தீவில் வேலை பார்த்தேன். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்துக்காக அங்கே குடியமர்த்தியிருந்தார்கள், அதனால் தமிழ் பேசும் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. போர்ட் பிளேயரிலிருந்து கப்பல் வந்தால்தான் எங்களுக்கு மருந்து. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். உயிர் போகிற நிலை என்றால் ஹெலிகாப்டர், அதுவும் வானிலை விட்டால்.

உங்கள் அம்மாவின் பிஸ்கட் டப்பாதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு.

கச்சாலில் ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பிய பக்கவாத நோயாளிகள் பலரை எனக்கு முன்பே தெரியும். பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, மாத்திரை கொடுத்து, பிறகு வராமல் போனவர்கள். கப்பல் தாமதமானால் தினமும் போட வேண்டிய மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டு நீட்டுவார்கள். சிக்கனமாக இருக்கிறோம் என்று நினைப்பு. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே கூடுதலாக மருந்து வரவழைத்து, வயதானவர்கள் கையில் அதிக நாளுக்குக் கொடுத்துவிடுவோம். அதற்கப்புறம்தான் நிலைமை கொஞ்சம் மாறியது. உங்கள் தீவுக்குப் பாலம் இருக்கிறது, கப்பல் பிரச்சினை இல்லை. ஆனால் முழங்கால் வலியோடு இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டிய எழுபது வயது அம்மாவுக்கு அந்தப் பாலமும் தூரம்தான்.

பிரஷருக்கு அறிகுறி கிடையாது தம்பி. தலை சுற்றினால் பிரஷர் என்பது ஊரில் எல்லாரும் நம்புவது. 180 இருக்கும்போதும் பலருக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவிடம் "நல்லா இருக்கிறதே மாத்திரையாலதான்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு நம்பிக்கையான ஒருவர் மாதாமாதம் நேரில் வந்து அளந்து, எண்ணை நோட்டில் எழுதிக் காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும். இதில் சிக்கலான வைத்தியம் எதுவும் இல்லை. நம் நாட்டில் 2017இல் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கு என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள், மகாராஷ்டிராவும் முதலில் சேர்ந்த மாநிலங்களில் ஒன்று. அடிப்படை இவ்வளவுதான்: எல்லா டாக்டரும் ஒரே படிவரிசையில் மருந்து கொடுப்பது, பெரும்பாலும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையில் தொடங்கி 140/90க்குக் கீழே வராவிட்டால் அடுத்த படிக்குப் போவது, மருந்து தீராமல் பார்த்துக்கொள்வது, வராத நோயாளியைத் தேடிப் போவது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், அதற்குத்தான் ஆள் வேண்டும். வண்டிக்குப் பதில் அப்படி ஒரு ஆளுக்குச் சங்கம் பணம் கொடுக்கலாம்.

அடுத்தது, பேப்பரில் மடித்த அந்த மூட்டுவலி மாத்திரை. அது டைக்ளோஃபினாக் மாதிரி ஒன்றாக இருந்தால், தொடர்ந்து போடும்போது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் இறக்க, இது மறுபக்கம் ஏற்றும். மீன் காய வைக்கிற, பாசி எடுக்கிற பெண்களுக்கு நாள் முழுக்கக் குனிந்து வேலை, வலி இல்லாமல் இருக்குமா? மெடிக்கல்காரரைத் திட்டிப் பயனில்லை. என்ன மாத்திரை என்று பெயர் பார்த்து டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைக்கான எளிய பயிற்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

கால்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கச்சாலில் ஒரு அம்மா, பல வருடச் சர்க்கரை. கால் எரிகிறது என்று வந்தார். கழுவிப் பார்த்தால் மற்றக் காலின் அடியில் பவளப்பாறை கீறிய பிளவு, உள்ளே மணல், சீழ். எரிந்த கால் இது, புண் இருந்த கால் அது. புண் இருந்த காலில் உணர்ச்சியே போய்விட்டிருந்தது, அதனால் வலிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்ததால் விரல் தப்பியது. கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் சர்க்கரை நோயாளியின் பாதத்தை யாராவது திருப்பிப் பார்த்தாலே பல பேருக்குக் கால் மிஞ்சும்.

ஒகினாவா பற்றிக் கேட்டீர்கள். அந்த வீடியோக்களில் பாதிக் கதைதான் வரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அங்கே முக்கியச் சாப்பாடு சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கூடவே பாகற்காய், சோயா, காய்கறி; கறியும் மீனும் கொஞ்சம். 1972 வரை அமெரிக்க நிர்வாகம், ராணுவத் தளங்கள், டின்னில் அடைத்த கறி, பர்கர். அந்தச் சாப்பாட்டில் வளர்ந்த தலைமுறை வந்ததும், 2000ஆம் ஆண்டுக் கணக்கில் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் 26ஆம் இடத்துக்கு இறங்கியது. அதே தீவு, அதே கடல், அதே காற்று. நம் ஊரில் சாயங்காலமானால் பரோட்டாக் கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. ஜப்பானிலேயே நாகானோ என்று ஒரு மலை மாகாணம். ஊறுகாயும் உப்புமாகச் சாப்பிட்டுப் பக்கவாதத்தில் விழுந்துகொண்டிருந்த ஊர். உள்ளூர்ப் பெண்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போய் சூப்பில் உப்பு எவ்வளவு என்று அளந்து குறைக்கச் சொன்னார்கள். இன்று ஜப்பானில் அதிக ஆயுள் உள்ள மாகாணங்களில் அது ஒன்று.

நமக்குக் கருவாடு. விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் வந்தால் அது அங்கேயே தாண்டிவிடும். கருவாட்டை நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, குழம்பில் தனியாக உப்பு போடாமல் வைத்தால் பாதி வேலை முடிந்தது. நெத்திலி, சாளை புதிதாகக் கிடைக்கிற ஊர், அதைக் குழம்பாக வைத்துத் தாராளமாகச் சாப்பிடட்டும். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்கும் நல்லது.

இன்னொன்று, சித்தப்பாவுக்கு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருவது மட்டும் இல்லை, இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். சித்தியிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிட வேண்டாம்.

பழைய 108 (நவி மும்பை):

நான் முன்பு ராமநாதபுரம் மாவட்டத்தில் 108 வண்டியில் டெக்னீஷியனாக இருந்தவன். ஆம்புலன்ஸ் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வண்டி வாங்குகிற செலவு ஒருமுறை. ஓட்டுகிற செலவு ஒவ்வொரு மாதமும். ராத்திரி பகல் என்று 24 மணி நேரமும் நிற்க வேண்டுமானால் ஒரு டிரைவர் போதாது. லீவு எல்லாம் பார்த்தால் மூன்று நான்கு பேர், அதே அளவு டெக்னீஷியன்கள். ஆக்சிஜன், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), அப்புறம் உப்புக்காற்று. கடலோரத்தில் வண்டியின் அடிப்பாகம் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கப் பெயர் எழுதிய வண்டி டிரைவர் இல்லாமல் சுவரோரம் நிற்பதை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா விஷயத்தில் நேரம் போனது வண்டி இல்லாததால் இல்லை. எங்கே போக வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கினால் அந்த நேரம் அத்தனையும் வீண். வாய் கோணுகிறது, கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, இதில் எது வந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேனும் ஊசியும் 24 மணி நேரமும் இருக்கிற அரசு மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள். கூட வருபவர்கள் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்ற வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

நெஞ்சுவலி என்றால் கதை வேறு. 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புகிறார்கள். எனவே நெஞ்சுவலிக்குப் பக்கத்து நிலையத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துவது நல்லது. பக்கவாதத்துக்கு எங்கேயும் நிறுத்தக் கூடாது, ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து. இந்த வித்தியாசத்தை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தாலே பெரிய வேலை.

அப்புறம் ஆடி அமாவாசை, தை அமாவாசை. அந்த நாட்களில் பாலத்தில் வண்டி நகராது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையே கடலைப் படம் பிடிக்கக் காரை நிறுத்திவிடுகிறார்கள். சங்கத்தின் பெயரில் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுங்கள், பாலத்தில் நிறுத்தத் தடையை நடைமுறைப்படுத்தச் சொல்லி. செலவில்லாத வேலை, வண்டியை விடப் பலன் அதிகம்.

கடலோரக் காகம் (முலுண்ட்):

எனக்கு இதில் ஒரு மறுப்பு. வீட்டுக்கு மருந்து வருகிற திட்டம் அரசிடமே இருக்கிறது. சங்கம் காசு கொடுத்து ஒரு ஆளை வைத்தால், "அவங்கதான் பார்த்துக்கிறாங்களே" என்று அரசு ஆள் வருவது நின்றுவிடும். ரெண்டு வருடத்தில் சங்கத்தில் சண்டை வந்து பணம் நின்றால் அம்மாக்களுக்கு ரெண்டும் இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் டேங்கருக்கு இதேதான் நடந்தது.

அந்தமான் சிஸ்டர்:

முலுண்ட்காரர் சொல்வது சரி. தனியாக ஒரு கடை விரிக்கக் கூடாது. திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அந்தப் பகுதியிலேயே இருப்பார்கள், கிராம சுகாதார செவிலியரும் இருப்பார். சங்கம் நியமிக்கிற பெண் அவர்களோடு சேர்ந்து போகட்டும். மருந்து அரசு மருந்தாகவே இருக்கட்டும். சங்கத்தின் ஆள் செய்ய வேண்டியது, பட்டியலில் யார் விட்டுப்போயிருக்கிறார்கள், யார் மாத்திரையை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை, யாருக்குக் கண் பார்வை மங்கி வாசற்படியில் தடுமாறுகிறார் என்று பார்த்து உரியவர்களிடம் சொல்வது. மும்பையில் இருக்கிற பிள்ளைக்கு மாதம் ஒரு போன்.

கொலாபாவிலிருந்து:

மும்பையில் இருக்கிற நாம் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே போதும். எலிஃபெண்டா இருக்கிற காராபுரித் தீவில் மூன்று சிற்றூர்கள். இந்தியாவின் பணத் தலைநகருக்குக் கூப்பிடு தூரம், ஆனால் கடலடிக் கேபிளில் மின்சாரம் போனது 2018 பிப்ரவரியில்தான். அதுவரை சாயங்காலம் சில மணி நேரம் ஜெனரேட்டர். இன்சுலின் போடுகிறவர் அப்படி ஓர் ஊரில் மருந்தை எங்கே வைப்பார்? கடைசிச் சுற்றுலாப் படகு போன பிறகு யாருக்காவது முடியாமல் போனால் மீன்பிடிப் படகுதான். தங்கச்சிமடத்தில் மின்வெட்டு வந்தால் இன்சுலினை என்ன செய்வது என்று சிஸ்டர் சொன்னால் உதவியாக இருக்கும். என் மாமியாரும் போடுகிறார்.

அந்தமான் சிஸ்டர்:

திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் குப்பி வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கோடையில் வீட்டுக்குள்ளேயே தாண்டிவிடும். அப்போது மண்பானை. பெரிய பானையில் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. கச்சாலில் ஜெனரேட்டர் நின்ற நாட்களில் அப்படித்தான் வைத்திருந்தோம். ஐஸ் மேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். ஃப்ரீசருக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை சயானில் சங்கக் கூட்டம். இதை அப்படியே அச்செடுத்துப் படித்துக் காட்டப் போகிறேன். அம்மாவின் மூட்டுவலி மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன், சிஸ்டர் சொன்னதேதான், டைக்ளோஃபினாக். நாளை டாக்டரிடம் காட்டக் கூட்டிப்போகிறாள். அந்தப் பெண் பிளஸ் டூ முடித்தவள், சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறாள். அவளையே இந்த வேலைக்கு வைக்கலாமா என்று யோசனை. பிரஷர் மெஷின் எது வாங்குவது? இங்கே கடையில் மணிக்கட்டில் கட்டுவது மலிவாகக் கிடைக்கிறது. ஆண்களை எப்படிப் பிடிப்பது? அவர்கள் வீட்டில் இருக்கும் நேரமே தெரியாது.

அந்தமான் சிஸ்டர்:

அம்மாவுக்கு ஓடியாடி உதவுகிற பெண் என்றால் அவளை விட நல்ல ஆள் கிடைக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் அவளுக்குச் சில நாள் பயிற்சி கொடுக்க ஒத்துக்கொள்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மணிக்கட்டு மெஷின் வேண்டாம். மேல்கையில் கட்டுகிற டிஜிட்டல் மெஷின் வாங்குங்கள், பட்டை இரண்டு அளவில். வலை இழுத்த கைகளுக்குச் சாதாரணப் பட்டை சிறிதாக இருந்தால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசாமல், பாதம் தரையில் பதிய, கை மார்பு உயரத்தில். இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதட்டும். வருடத்துக்கு ஒருமுறை சுகாதார நிலையத்து மெஷினோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும், உப்புக்காற்றில் இதுவும் கெடும்.

ஆண்களுக்கு, விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வலை பின்னுகிற இடத்துக்கே போகச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் கிடைக்க மாட்டார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அதில் போகிறவர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். முதல் முகாமை ஏப்ரல் கடைசியில் வைத்தால், முதல் அளவு, ஒரு மாத மாத்திரை, மறு அளவு மூன்றும் தடை முடிவதற்குள் நடந்துவிடும். வருமானம் இல்லாத மாதங்கள் அவை, வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு சங்கம் போடட்டும். குழம்பில் உப்பு குறைவாக.